பள்ளிக்கு உரியவர் வாக்குக்கு உரியவர் அல்லரா?

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சமைப்பவர் ஒருவர், உண்பவர் ஒருவர் என்றால், உப்பு மிகுந்ததா குறைந்ததா என்று சொல்ல வேண்டியவர் உண்பவரே. பள்ளியின் நிலையும் அத்தகையதே. பணத்தைப் பங்கிடுவதும், பாடங்களை வகுப்பதும், பள்ளிகளைத் திறப்பதும் மூடுவதும் ஒரு சாரார் கையில். அம் முடிவுகளை நாள்தோறும் துய்ப்போர் இன்னொரு சாரார். துய்ப்போர்க்கோ வாய் இல்லை. இக் குறையைக் களைய அமெரிக்க நகரங்கள் சில மேற்கொண்ட முயற்சியே இன்றைய பொருள்.

அந் நாட்டின் பெரும்பாலான ஊர்களில், பள்ளிகளை ஆளும் குழுவை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். வாக்குக்குரிய அகவை 18. அதுவும் தானே வந்ததன்று. முன்னர்ப் பெரும்பாலான மாநிலங்களில் அது 21ஆக இருந்தது. வியத்துநாம் போர்க்களத்திற்கு 18 அகவை இளைஞரை அனுப்பிய அரசு, அவர்க்கு வாக்குச்சீட்டை மறுத்தது. சாகத் தகுந்தவன் வாக்களிக்கத் தகாதவனா என்ற வினா எழுந்தது. 1971இல் அரசமைப்பின் 26ஆம் திருத்தம் அகவையைக் குறைத்தது. இந்தியாவிலும் 61ஆம் திருத்தத்தின் வழி, 1989இல்தான் 21 என்பது 18 ஆயிற்று. ஆகவே, அகவை வரம்பு இயற்கை நட்ட மலையன்று. மாந்தர் நட்ட எல்லைக்கல். நட்டவர் பெயர்த்தும் நடலாம்.

மேரிலாந்து மாநிலத்தின் தகோமா பார்க்கு என்னும் சிற்றூர், 2013இல் நகராட்சித் தேர்தலுக்கு அக் கல்லை 16க்குப் பெயர்த்து நட்டது. கலிபோர்னியாவின் பெர்க்கிலி நகர மக்கள், பள்ளிக்குழுத் தேர்தலுக்கு மட்டும் அவ்வாறு செய்ய 2016இல் நூற்றுக்கு எழுபதின்மர் அளவில் இசைந்தனர். ஓக்லாந்து மக்கள் 2020இல் மூன்றில் இரு பங்கினர் இசைந்தனர். ஆனால், நகரத் தேர்தல் அனைத்திற்கும் இவ்வுரிமை கேட்ட சான் பிரான்சிசுகோவில், 2016இலும் 2020இலும் அம் முயற்சி தோற்றது.

ஓக்லாந்தில் என்ன நேர்ந்தது என்பது ஊன்றி நோக்கத்தக்கது. அங்குப் பள்ளிக்குழுவில் எழுவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பெறுவர். மாணவர் சார்பாக இருவர் அமர்வர், பேசுவர், கையும் உயர்த்துவர். ஆனால், அவர் உயர்த்திய கை எண்ணிக்கையில் சேராது. 2022இல் பணமுடையைக் காட்டிப் பள்ளிகள் பலவற்றை மூடவும் இணைக்கவும் குழு முடிவெடுத்தது. மாணவர் வகுப்பை விட்டு வெளியேறினர். பள்ளிப் பணியாளர் இருவர் உண்ணாநோன்பு இருந்தனர். குழு அசையவில்லை. அவ்வாண்டு இறுதியில் தேர்தல் நடந்தது. குழுவின் ஆட்கள் மாறினர். 2023 சனவரியில் புதிய குழு, மூடவிருந்த பள்ளிகள் சிலவற்றைக் காத்தது. கதறல் செய்யாததை வாக்குச்சீட்டு செய்தது. அச் சீட்டுத்தான் அப்பொழுது மாணவர் கையில் இல்லை.

மக்கள் இசைந்த பின்னும் காலத்தாழ்வு நேர்ந்தது. தனிப் பதிவேடும் தனிச் சீட்டும் ஆயத்தப்படுத்த வேண்டியிருந்தமையால், பெர்க்கிலி மாணவர் எட்டாண்டும் ஓக்லாந்து மாணவர் நான்காண்டும் காத்திருந்தனர். 2024 நவம்பரில்தான் 16, 17 அகவையினர் முதன்முறை வாக்களித்தனர். அவர்தம் சீட்டில் பள்ளிக்குழு ஒன்றே இருந்தது. குடியரசுத் தலைவர் தேர்தல் இல்லை.

நியூசெர்சி மாநிலத்து நெவார்க்கின் செய்தி வேறு. அந் நகரப் பள்ளிகளை 1995இல் மாநில அரசே கைப்பற்றிக்கொண்டது. உள்ளூரார் கைக்கு அவை மீண்டது 2018இல். இருபதாண்டுக்கு மேலாகத் தம் பள்ளியைத் தாமே ஆள இயலாதிருந்த மக்களின் நகரமன்றம், 2024 சனவரியில் 16 அகவையினர்க்கும் அவ்வுரிமையைப் பகிர்ந்தளித்தது. இழந்தவர்க்கே உரிமையின் அருமை தெரியும்.

மறுப்போர் மூன்று சொல்வர். முதிர்ச்சி போதாது என்பது ஒன்று. அதே 16 அகவையில் ஊதியத்திற்கு வேலை செய்யவும் ஊதியத்தில் வரி செலுத்தவும் முதிர்ச்சி போதுமெனில், தான் அமரும் வகுப்பறையைப் பற்றிச் சொல்ல மட்டும் போதாதோ? பெற்றோரும் ஆசிரியரும் ஆட்டிவைப்பர் என்பது இரண்டாவது. பெண்களுக்கு வாக்கு மறுத்த காலத்தில், கணவர் ஆட்டிவைப்பர் என்று சொன்ன அதே சொல் இது! வாக்கைக் கமுக்கமாக இடுவதே அதற்கு மருந்து. கொடுத்தாலும் வாரார் என்பது மூன்றாவது. 2025 ஏப்பிரலில் நெவார்க்கில் வாக்களித்த இளையோர் மிகச் சிலரே, அது மெய். ஆனால், மூத்தோரிலும் மிகச் சிலரே வந்தனர். வாராத மூத்தோரின் உரிமையைப் பறிப்பார் எவருமிலர். மேலும், 2007 முதல் 16 அகவையில் வாக்களிக்கும் ஆத்திரியாவில், 2010ஆம் ஆண்டு வியன்னாத் தேர்தலை ஆய்ந்தோர், 18 முதல் 20 வரை அகவையுடையாரினும் 16, 17 அகவையினர் குறையாது வந்தனர் எனக் கண்டனர். வீட்டில் வாழுங்கால் பெற்ற பழக்கம், வீட்டை விட்டு நீங்குங்கால் தளர்வதும் அதற்கொரு கரணியம்.

எனினும், வாக்கை மட்டும் கொடுத்து வாளாவிருத்தல் விதையைத் தெளித்து நீர் பாய்ச்சாமை போன்றது. குழுவின் வரவு செலவைப் படித்தறிய வகுப்பில் கற்பித்தல் வேண்டும். பதிவுப்படிவம் பள்ளிக்கே வருதல் வேண்டும். போட்டியிடுவோர் மாணவர்முன் நின்று விடையளித்தல் வேண்டும்.

மக்களாட்சி நூலில் படிக்கும் பாடமன்று. கையால் செய்து பழகும் தொழில். நீந்தக் கற்பவனைக் கரையிலேயே நிறுத்தி, பதினெட்டாம் அகவையில் ஆற்றில் தள்ளுவது அறிவுடைமை ஆகாது. பள்ளி மாணவர்க்கெனில், பள்ளியை ஆள்வாரைத் தேர்வதிலும் மாணவர்க்குப் பங்கு வேண்டும். அதுவே நயன், அதுவே முறை!