ஓரி வீழ்த்திய மான் எத்தனை கிலோ?

இன்றைக்கு ஒரு சின்னக் கேள்வி. ஒரு மான் எத்தனை கிலோ இருக்கும்?

கேள்வி எங்கிருந்து வந்ததென்று சொல்லிடறேன். கொல்லிமலைக்கு பைக்கில் போனவர்களுக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஞாபகம் இருக்கும், மேலே இருக்கிற வல்வில் ஓரி சிலையும் ஞாபகம் இருக்கும். கடையெழு வள்ளல்களில் ஒருவர். புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் இவருடைய வேட்டையைப் பாடுகிறார். ஒரே அம்பு. யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, புள்ளி போட்ட கலைமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைக்குது.

சும்மா அடிச்சு விடறார்னுதான் நானும் முதலில் நினைச்சேன். அப்புறம் அந்த மிருகங்களின் அளவை ஒரு பேப்பரில் எழுதிப் பார்த்தேன்.

"மான்" என்று பொதுவாகச் சொன்னால் எடை சொல்லவே முடியாது. நம்ம ஊர்க் காடுகளில் சருகுமான் ஒரு அடி உயரம், சுமார் 3 கிலோ. நல்ல பூனை அளவுதான். அதற்குக் கொம்பே கிடையாது, உண்மையில் அது மான் குடும்பமும் இல்லை. கேளையாடு 2 அடி, 20 முதல் 28 கிலோ. கடமான், அதாவது மிளா, ஆண் என்றால் தோள் உயரமே நாலரை அடி, 200 கிலோவைத் தாண்டும்.

ஆனால் வன்பரணர் பொதுவாகச் சொல்லவில்லை. புள்ளி உண்டு, கொம்பு உண்டு, "கலை" என்றால் ஆண். ஆக, அது ஆண் புள்ளிமான். தோள் உயரம் 3 அடி, எடை 70, 80 கிலோ. பிணை, அதாவது பெண் மான், 25 முதல் 45 கிலோதான்.

இப்போ உயரங்களை வரிசையாக வையுங்க. யானை 9 அடி. புலி 3 அடிக்குக் கொஞ்சம் மேலே. கலைமான் 3 அடி. பன்றி அதைவிடக் கொஞ்சம் குட்டை. உடும்பு தரையோடு தரை. எடையில் பன்றி மானை மிஞ்சலாம், ஆனால் உயரத்தில் வரிசை இறங்கிக்கிட்டே வருது. எய்த அம்பும் அப்படித்தானே இறங்கும்? ஒரே அம்பு ஐந்தைத் துளைத்தது மிகை. ஆனால் அந்த மிருகங்களைப் பார்த்துப் பழகிய கண் அதுக்குள்ள இருக்குன்னு எனக்குத் தோணுது.

வேட்டைக்காரருக்கு எடை எதற்கு? எத்தனை பேர் சாப்பிடலாம் என்று தெரிய. 75 கிலோ மானில் தோல், குடல், எலும்பு போனால் கறி பாதிக்கும் கீழே, 30 கிலோ சொச்சம். அந்தப் பாட்டிலேயே, யாரென்று பெயர்கூடச் சொல்லாமல், ஓரி பாணர் கூட்டத்துக்கு வேட்டையாடிய மானின் கறியைச் சமைத்துப் போடுகிறார். ஒரு கலைமான் இருந்தால் ஒரு கூட்டமே வயிறாரச் சாப்பிடலாம்.

இதே கணக்கு இன்னைக்கு வேற ஒரு வயிற்றுக்குத் தேவைப்படுது. புலி சராசரியாக வாரத்துக்கு ஒரு புள்ளிமான் அளவு இரையை அடிக்கும். வருஷத்துக்கு 50. மான் கூட்டம் குறையாமல் இருக்கணும்னா பத்தில் ஒன்றைத்தான் இழக்கலாம். அப்படியென்றால் ஒரு புலிக்குப் பின்னால் 500 மான்கள் உயிரோடு இருக்கணும். காட்டுயிர் ஆய்வாளர்கள் போடும் கணக்கு இது.

இப்போ பாட்டை மறுபடி நினைச்சுப் பாருங்க. அதில் வரும் ஒரு புலிக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் 500 மான்கள் நிற்கின்றன. இன்றைக்குக் கொல்லிமலையில் காட்டு யானையும் இல்லை, புலியும் இல்லை. ஓரியின் பட்டியலில் மேலே இருந்த இரண்டு பெயர்கள் அழிஞ்சாச்சு.

மூன்றாவது பெயர் நம்ம கையிலும் இருக்கு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். கறியை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம்தான். மலைக்குப் போகும்போது யாராவது "மான் கறி இருக்கு, வேணுமா தம்பி?" என்று காதோடு கேட்டால், கிலோ என்ன விலைன்னு கேட்காதீங்க. அது 500இல் ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டு, வேண்டாம்னு சொல்லிட்டு வண்டியை எடுங்க.