அடக்கமான பையன்

(கல்லூரி மாணவர் விடுதிக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டீங்க. அதை இன்னொரு நாள் வச்சுக்கலாம். இன்று மனசைப் பற்றிப் பேசணும். நம் மேடைகளில் நிலம் பேசியிருக்கிறோம், கூலி பேசியிருக்கிறோம், இடஒதுக்கீடு பேசியிருக்கிறோம். ராத்திரி தூக்கம் வராமல் புரளுகிற ஒரு தலித் இளைஞனைப் பற்றிப் பேசியது குறைவு. அது பலவீனம் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம்.

நான் வங்கியில் எழுத்தர். சில வருசத்துக்கு முன் ஒரு பயிற்சி வகுப்பில் தாள் ஒன்று கொடுத்தார்கள். கூட்டத்தில் பேசத் தயங்குவீர்களா, எதிரிலிருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேசுவீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். டிக் அடித்துக் கொடுத்தேன். கூட்டிப் பார்த்துவிட்டுப் பயிற்சியாளர் சொன்னார்: "நீங்க அகமுகி, இன்ட்ரோவெர்ட். ஆபீசர் ஆகணும்னா சுபாவத்த மாத்திக்கணும்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே அம்மாவின் குரல் கேட்டது.

நிலக்காரர் வீட்டுக்குக் கூலி வாங்க அனுப்பும்போது அம்மா சொல்லும்: "நிமிந்து பாக்காத. எதுத்துப் பேசாத. குடுத்தத வாங்கிக்கினு வா." ஒருமுறை ஊர்த்தெருப் பையன் ஒருவன் என்னை அடித்தான், நான் திருப்பி அடித்தேன். அப்பா காரணம் கேட்கவில்லை. வேலியில் குச்சி ஒடித்து விளாசினார். அன்று ராத்திரி அவர் படுக்கவில்லை. யாராவது திரண்டு வருவார்களோ என்று தெருமுனையைப் பார்த்தபடி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அடித்தது அவருடைய பயம்தான் என்று புரிய எனக்கு இருபது வருசம் ஆச்சு.

பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடத்துக்குப் பட்டம் கிடைத்தது: 'அடக்கமான பையன்'. உயிர் பிழைக்கச் சொல்லிக்கொடுத்தது சுபாவமாயிற்று. அந்தச் சுபாவமே பிறகு பதவி உயர்வுக்குக் குறையாயிற்று.

ஆனால் எல்லாத்தையும் சாதி மேல போட்டுட்டு எழுந்து போயிடவும் முடியாது. அதே வீட்டில், அதே குச்சியில் அடிவாங்கியவள் என் தங்கச்சி. நிலக்காரர் வாசலில் நின்று "பத்து ரூபா கொறையுதுங்க" என்று கேட்டு வாங்கி வருவாள். இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள், மனிதர்களின் குண வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதி பிறவியோடு தொடர்புடையது என்கின்றன. 1921இல் அகமுகம், புறமுகம் என்று வகைபிரித்து எழுதிய யுங் அகமுகத்தை நோய் என்று சொல்லவில்லை. தனியே இருக்கப் பிடிப்பது வேறு, கூட்டத்தைக் கண்டு பயப்படுவது வேறு. முதலாவது என் இயல்பு, என் கவிதை அங்கிருந்துதான் வருகிறது. இரண்டாவது எனக்குள் போடப்பட்டது. அந்தத் தாள் இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைத்துவிட்டது.

வளர்ப்பு என்கிறார்களே, அதையும் பார்ப்போம். 1960களில் அமெரிக்காவில் டயானா பாம்ரிண்ட் பெற்றோர்களை வகைபிரித்தார். கேள்வியில்லாமல் கீழ்ப்படியச் சொல்லும் கண்டிப்பு பிள்ளைக்கு நல்லதல்ல என்றார். அவர் பார்த்தவை பெரும்பாலும் வெள்ளை நடுத்தர வர்க்கக் குடும்பங்கள். கறுப்பினக் குழந்தைகள் பற்றிய 1972ஆம் ஆண்டுச் சிறிய ஆய்வில், அதே கண்டிப்பில் வளர்ந்த பெண்பிள்ளைகள் துணிச்சலாக இருந்ததை அவரே எழுதினார். ஆக, வீட்டுக்குள் நடப்பதன் அர்த்தம் வீட்டுக்கு வெளியே இருப்பதைப் பொறுத்தது. இதனால் குச்சியை நான் நியாயப்படுத்தவில்லை. அந்தத் தழும்பு எனக்கு இன்னமும் இருக்கு.

அம்பேத்கரை எடுத்துக்குங்க. 1901இல் அப்பாவைப் பார்க்க அந்தச் சிறுவன் ரயிலேறிப் போனான். புதுச் சட்டை, பளபளக்கும் தொப்பி. அன்பாக வளர்க்கப்பட்ட பிள்ளை. மசூர் ஸ்டேஷன் மாஸ்டர் கனிவாகத்தான் விசாரித்தார், மகர் என்று தெரியும்வரை. பிறகு வண்டி ஓட்ட ஆளில்லை, ராத்திரி குடிக்கத் தண்ணியில்லை. நல்ல வளர்ப்பு அந்த இரவைத் தடுக்கவில்லை. ஆனால் 'தப்பு நம்மிடம் இல்லை' என்று ஒரு பிள்ளை நம்புவதற்கு, தன்னை மதிக்கிற ஒரு வீடு வேண்டும்.

இப்போ என் வீட்டுக்கு வர்றேன். நாங்க வாடகை வீட்டில் இருக்கிறோம். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற குழாயைத் தொட்டதுக்கு ஓனர் வீட்டம்மா என் மகளைத் திட்டினாங்க. அவள் பதில் பேசினாள். நான் ஓடிப்போய் என்ன சொன்னேன் தெரியுமா? "எதுத்துப் பேசாத." என் வாயிலிருந்து என் அம்மா! மகள் கேட்டாள்: "நான் என்னப்பா தப்பு செஞ்சேன்?"

ராத்திரி முழுக்க யோசித்தேன். காலையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கீழே போனேன். "குழந்தை தப்பு செய்யலீங்க. வாடகைல தண்ணியும் சேத்திதானே?" என்றேன். குரல் நடுங்கிச்சு, ஆனாலும் சொல்லிட்டேன். இப்போது வேறு வீடு தேடிக்கிட்டிருக்கிறோம். மகள் நல்லாத் தூங்குறா.

தோழர்களே, உங்களை யாராவது அமைதியான பையன், அடக்கமான பொண்ணு என்றால், இதில் எது என் இயல்பு, எது என் வீட்டாரின் பயம் என்று பிரித்துப் பாருங்கள். இயல்பை மாற்ற வேண்டியதில்லை. பயத்தை மட்டும் தனியே சுமக்காதீங்க. பக்கத்து அறைத் தோழனிடம் சொல்லுங்க. அவன் சாப்பிட வராத நாளில் நீங்க போய்க் கதவைத் தட்டுங்க. அதுவும் போதாதபோது மருத்துவரிடம் போவதில் வெட்கமில்லை. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

நிலத்தையும் கூலியையும் கேட்டதுபோலவே, நிம்மதியான தூக்கத்தையும் நாம் உரிமையாகக் கேட்க வேண்டும்.

ஜெய்பீம்.