பாலிலே இருக்கும் மருந்து



மழை தொடங்கினால் நமக்கு இரண்டு கவலை. வேலை நாள் குறையும். நனைந்த வெட்டுப் பட்டையில் நோய் விழும். உடனே மருந்து டப்பாவும் தூரிகையும் நம் கைக்கு வந்துவிடும். டப்பாவில் என்ன இருக்கிறது என்று நாம் கேட்பதில்லை.

1970-களில் இந்நாட்டு ரப்பர் மரங்களுக்குப் பூசப்பட்ட மருந்துகளில் ஒன்று கேப்டபோல். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம், 1991-இல், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற வரிசையில் அதைச் சேர்த்தது. அதற்குள் எத்தனை வெறுங்கைகள் அதைத் தொட்டிருக்கும்!

ஆகவே, செடிகொடிகளிலிருந்தே பூசண மருந்து எடுக்கிறார்கள் என்றால் நாம் காது கொடுத்துக் கேட்கவேண்டும். கிராம்பிலும் ஓமத்திலும் உள்ள எண்ணெய்ப் பொருள்களை ஐரோப்பாவில் திராட்சைக் கொடிக்குத் தெளிக்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நாம் வாளியில் சுமக்கும் பாலிலேயே ஹெவீன் என்ற சிறு புரதம் இருக்கிறது. பூசணத்தின் சுவரில் கைட்டின் என்ற பொருள் உண்டு. இறால் ஓட்டில் இருப்பதும் அதுவே. ஹெவீன் அதைப் பற்றிக்கொண்டு பூசணத்தை வளரவிடாமல் தடுக்கிறது. இந்த ஆராய்ச்சி வெளிவந்ததும் அதே 1991-இல்தான். மரம் தன் காயத்திற்கு வைத்திருக்கும் மருந்தை நாம் கோப்பையில் வடித்துக்கொண்டு போகிறோம்!

பிறகு ஏன் பட்டை அழுகுகிறது? கறுப்புக் கோடு விழும் நோயைத் தருவது பைட்டோப்தோரா. அது பார்வைக்குப் பூசணம்போல் இருந்தாலும் வேறு இனம். அதன் சுவர் பெரும்பாலும் செல்லுலோசு முதலியவற்றால் ஆனது. ஹெவீனுக்கு அங்கே பிடி கிடைக்காது.

"நம் காயத்திற்கு மஞ்சள் வைக்கிறோமே, மரத்திற்கும் வைத்தால் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மஞ்சளின் சத்து வெயிலில் கெடும்; கிராம்பெண்ணெய் காற்றில் பறக்கும்; மிச்சத்தை மழை கழுவிவிடும். இலைச்சாறு ஆய்வுக் கூடத்தில் ஜெயித்துத் தோட்டத்தில் தோற்பது இதனால்தான்.

இன்னொன்று. "இது வெறும் செடிச் சாறு, கையுறை எதற்கு?" என்று யாராவது சொன்னால் ஒப்பாதீர்கள். ரப்பர் கையுறை அணிந்த தாதிமார் பலருக்கு அரிப்பும் மூச்சுத் திணறலும் வந்ததற்கு இதே ஹெவீனும் ஒரு காரணம். கிராம்பெண்ணெய் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது.

டப்பா எதுவானாலும் பெயர்ச்சீட்டு நமக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும். கையுறையும் சவர்க்காரமும் தண்ணீரும் நிர்வாகம் தரவேண்டும். பால் நிறுத்த பிறகு மருந்து பூசும் நேரத்திற்குத் தனியே சம்பளம் எழுதப்படவேண்டும். கிராணிமார்களே, அந்தக் கணக்கு உங்கள் பேனாவில் இருக்கிறது.