மழையிலும் பனியிலும் வீட்டு ஆடு, கோழி, பூனைகளைக் காப்பது

(ஐப்பசி மாதம் அறக்கட்டளை மண்டபத்தில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர் ஆற்றிய உரை.)





ஆடு, கோழி வளர்ப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்று இப்போது கேட்டோம். பாதிச் சபைக்கு மேல் கை உயர்ந்தது. அதிலும் தாய்மார்கள் பக்கம்தான் அதிகம். 2011-இல் அரசு விலையில்லா ஆடு தரத் தொடங்கியபோது ஒரு குடும்பத்திற்கு 4 ஆடு கொடுத்தார்கள். அந்த நான்கைப் பத்தாக்கி, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியவர்கள் நம் வட்டாரத்தில் இருக்கிறார்கள். ஒரே மழைக்காலத்தில் நான்கையும் புதைத்துவிட்டு, மறுபடி தோல் ஷாப்புக்குக் கூலி வேலைக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வீட்டையும் நான் உள்ளே போய்ப் பார்த்தவன். இரண்டுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் நாலு சாக்கும், நாலு பலகையும், கூரையில் ஓர் ஓட்டையும்தான். ஆகவே பெரிய செலவு எதையும் நான் சொல்லப் போவதில்லை.

ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் பக்கத்தில் இருக்கிறோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. அது விட்டதும் மார்கழி, தை மாதத்துப் பனி. விடியற்காலையில் 15, 16 டிகிரி வரை இறங்கும். "இந்தக் குளிருக்கா ஆடு சாகும்?" என்று கேட்பீர்கள். சாகாது. உடம்பு காய்ந்து, வயிறு நிறைந்து இருக்கிற பெரிய ஆட்டுக்கு இந்தக் குளிர் ஒரு பொருட்டே அல்ல. லடாக்கில் பஷ்மினா ஆடுகள் உறைபனியிலேயே வாழ்கின்றன. ஆனால் அவற்றுக்கு மேல் முடிக்கு அடியில் பஞ்சு போல இன்னொரு முடி உண்டு. நம் ஆட்டுக்கு அது கிடையாது. முடி குட்டை, தோலுக்கு அடியில் கொழுப்பும் குறைவு. அது நனைந்துவிட்டால், அதன் மேல் காற்றும் அடித்தால், உடம்புச் சூடு மளமளவென்று இறங்கிவிடும். ஈரமும் காற்றும் சேர்வதுதான் நம் ஊர்க் குளிர். கொட்டகையில் நீங்கள் பார்க்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.

மழைக்காற்று வடக்கிலும் கிழக்கிலும் இருந்து வருகிறது. அந்த இரண்டு பக்கமும் தரையிலிருந்து ஆட்டின் தலை உயரத்திற்கு மேல் வரை சாக்கையோ தென்னங்கீற்றையோ கட்டி அடையுங்கள். தெற்கும் மேற்கும் திறந்தே இருக்கட்டும். கூரைக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி எல்லாப் பக்கமும் வேண்டும். பலர் என்ன செய்கிறார்கள்? ஆட்டின் மேல் இரக்கப்பட்டு, தார்ப்பாயால் நாலு பக்கமும் மூடி, கீழே கல் வைத்துவிடுகிறார்கள். உள்ளே ஆடு விடும் மூச்சின் ஈரம் கூரையில் படிந்து திரும்பவும் அதன் முதுகிலேயே சொட்டுகிறது. தகர ஷீட் கூரை என்றால் இன்னும் மோசம். மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா வெளியே போக வழியில்லாமல் நெஞ்சை அரிக்கிறது. பத்து நாளில் மூக்கொழுகும், இருமும், பிறகு நிமோனியா. கதகதப்பாக வைத்தும் செத்துவிட்டதே என்று அழுகிறவர்களில் அநேகம் பேருடைய கதை இதுதான்.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. பஜ்ரு தொழுகை முடிந்து வந்ததும் கொட்டகைக்குள் போய், ஆட்டின் உயரத்திற்குக் குந்தி உட்காருங்கள். நின்று பார்த்தால் தெரியாது, குந்த வேண்டும். கண் எரிந்தாலோ மூக்கில் காரம் ஏறினாலோ அன்றைக்கே அடைப்பில் ஒரு பக்கத்தைத் திறந்துவிடுங்கள்.

தரையைப் பொறுத்தவரை, ஆடு ஈரத்தில் படுக்கக் கூடாது. ஷூ கம்பெனிகளில் பெட்டி இறக்கிவிட்டுக் கழித்துப் போடும் மரச்சட்டங்கள் நம் ஊரில் எளிதாகக் கிடைக்கின்றன. வேறு ஊர்க்காரர்களுக்கு இந்த வசதி இல்லை. அதை நாலு கல்லின் மேல் தூக்கி வைத்தால் பரண் தயார். சட்ட இடைவெளி ஒரு விரல் அகலத்திற்கு மேல் வேண்டாம், குட்டியின் கால் இறங்கி ஒடிந்துவிடும். கீழே விழும் புழுக்கையை வாரம் ஒருமுறை அள்ளினால் போதும்.

அடுத்ததைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கரி அடுப்பையோ தணல் சட்டியையோ மூடிய கொட்டகைக்குள் வைக்காதீர்கள். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தூங்குகிற உயிர் தூக்கத்திலேயே போய்விடும். கடுங்குளிர் நாட்களில் ஆட்டையும் பிள்ளைகளையும் ஒரே அறையில் படுக்க வைத்து, கதவைச் சாத்தி, தணல் வைக்கும் வீடுகள் உண்டு. அங்கே ஆபத்து ஆட்டுக்கு மட்டும் அல்ல. கொசுவுக்குப் புகை போடுவதானாலும் மாலையில் கதவு திறந்திருக்கும்போது போட்டு, அணைத்துவிட்டுப் படுங்கள்.

இனி குட்டிகள். குளிரில் முதலில் போவது குட்டிதான்.

குட்டி ஈரத்தோடு பிறக்கிறது. தாய் நக்கிக் காய வைக்கும்வரை காத்திருக்காமல், நீங்களும் காய்ந்த சாக்கால் அழுத்தித் துடையுங்கள். தொப்புள் கொடியில் டிஞ்சர் அயோடின் தொட்டு வையுங்கள். பிறகு சீம்பால். நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் சீம்பால் கொடுக்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் சிலர் இன்றும் சொல்கிறார்கள். அவர்கள் மேல் மரியாதை வைத்தே சொல்கிறேன், அந்தப் பேச்சைக் கேட்க வேண்டாம். குட்டிக்கு உடம்புச் சூடும் நோய் எதிர்ப்பும் அந்தப் பாலில்தான் வருகிறது. முதல் ஒரு மணி நேரத்திற்குள் வயிற்றில் கொஞ்சமாவது இறங்க வேண்டும். 2 கிலோ எடையுள்ள குட்டிக்கு முதல் நாளில் மொத்தம் 200 மில்லி, பல தடவையாக.

காலையில் போய்ப் பார்த்தால் குட்டி துவண்டு கிடக்கிறது. என்ன செய்வது? சுத்தமான விரலை அதன் வாய்க்குள் விடுங்கள். வாய் சூடாக இருந்து, விரலைச் சப்பினால் பயமில்லை, தாயிடம் விடுங்கள். வாய் சில்லென்று இருந்து, சப்பவும் இல்லை என்றால் குட்டியின் உடம்பு குளிர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் சங்கால் பால் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். அவசரத்தில் எல்லோரும் முதலில் தேடுவது சங்கைத்தான். முதலில் சூடு, பிறகு பால். துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். அது தலை தூக்கி, விரலைச் சப்பத் தொடங்கிய பிறகு சீம்பாலைக் கறந்து கொடுங்கள்.

தீனி விஷயம் சுருக்கமாகச் சொல்கிறேன். பனி காயும் முன் மேய்ச்சலுக்கு ஓட்டாதீர்கள். மழைக்குப் பின் முளைத்த இளம்புல்லைக் காலையில் வெறும் வயிற்றில் ஆடு வாரித் தின்றால் வயிறு உப்பும். துள்ளுமாரி நோயும் அந்தப் புல் நிறைய இறங்கும் காலத்தில்தான் தலைகாட்டுகிறது. மாலையில் கடலைக் கொடி, சோளத்தட்டை, துவரைப் பொட்டு என்று காய்ந்த தீனி கொடுங்கள். ஆட்டின் முதல் வயிற்றில் அது இரவெல்லாம் நொதித்துச் சூட்டைக் கிளப்பும். நீங்கள் மூட்டும் எந்த அடுப்பையும்விட அதுதான் நல்ல அடுப்பு. துள்ளுமாரிக்கும் ஆட்டுக்கொல்லிக்கும் தடுப்பூசி போட்டாகிவிட்டதா, குடற்புழு மருந்து கொடுத்தாகிவிட்டதா என்று அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டு, விட்டுப்போயிருந்தால் இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

பக்ரீதுக்கென்று இப்போதே கிடா வாங்கிக் கட்டியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நோயும் மெலிவும் நொண்டியும் வெளிப்படையாகத் தெரியும் பிராணி குர்பானிக்கு ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். இந்த மூன்றும் ஈரத்தரையில்தான் தொடங்குகின்றன. குளம்பு இடுக்கு அழுகி நொண்டும் கிடாக்களை மழைக்காலத்தில் நிறையப் பார்க்கலாம்.

கோழிக்கு வருவோம். குஞ்சுகளுக்கு முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும். பிறகு வாரத்திற்கு 5 டிகிரி குறைக்கலாம். குளிர்காலத்தில் ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்பது கணக்கு. 30 குஞ்சு என்றால் 60 வாட் குண்டு பல்பு ஒன்று. குண்டு பல்பு என்பதை அழுத்திச் சொல்கிறேன். இப்போது எல்லோர் வீட்டிலும் எல்.இ.டி. வந்துவிட்டது. அது வெளிச்சம் தரும், குஞ்சுக்குப் போதுமான சூடு தராது. கூடை முழுக்க வெளிச்சம் இருந்தும் குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நசுங்கிச் செத்துக் கிடந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். குஞ்சுகள் பல்புக்கு அடியில் குவிந்தால் சூடு போதவில்லை. விலகி ஓரத்தில் ஒண்டினால் சூடு அதிகம். பரவலாகத் திரிந்தால் சரி. வெப்பமானி வாங்க வேண்டியதில்லை, குஞ்சே சொல்லிவிடும். பல்பைக் கம்பியால் உறுதியாகக் கட்டுங்கள். அது உமியில் விழுந்தால் தீப்பிடிக்கும். ஒட்டுப்போட்ட ஒயர் ஈரத்தில் கிடக்கக் கூடாது.

பூனைகள். பூனைக்குட்டியைச் சட்டைக் கையில் வைத்திருந்ததால் பெயர் பெற்ற ஸஹாபியை நாம் எல்லோரும் அறிவோம். பூனை இல்லாத முஸ்லிம் தெருவும் கிடையாது. அதனால் இரண்டே விஷயம். ஒன்று, குளிர் இரவில் பூனை ஆட்டோவின் அடியிலும் கார் எஞ்சின் மேலும் போய்ப் படுக்கும். காலையில் வண்டியை எடுக்குமுன் பானட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள். மற்றொன்று, பூனை தும்முகிறது, உடம்பு சுடுகிறது என்று பிள்ளைக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். அதை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரு மாத்திரையே உயிரைக் குடித்துவிடும். கற்பூரம் சேர்ந்த தைலத்தையும் தேய்க்க வேண்டாம். பூனை தன் உடம்பை நக்கியே சுத்தம் செய்யும் பிராணி, தேய்த்தது எல்லாம் வயிற்றுக்குள் போகும். ஓர் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, வாசல் வெட்டி, பழைய கம்பளித் துணியைப் போட்டுத் தாழ்வாரத்தில் வைத்தால் போதும். தெரு நாய்களுக்கும் கடை வாசலில் ஒரு சாக்கைப் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆற்றோரத்தில் இருப்பவர்களுக்காக இதையும் சொல்ல வேண்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். இரவில் நீர் ஏறும்போது கட்டிய கயிற்றோடு இருக்கும் ஆடு தப்ப வழியே இல்லை. அவிழ்த்துவிட்டால் மேட்டைத் தேடி ஓடும். வெள்ள எச்சரிக்கை வந்த இரவில் முடிச்சை இழுத்ததும் அவிழும் விதமாகப் போடுங்கள். வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் அதைக் கற்றுக்கொடுங்கள்.

அந்நஹ்ல் அத்தியாயத்தில், கால்நடைகளால் நமக்குக் கிடைக்கும் நன்மைகளைச் சொல்லும்போது கதகதப்பு முதலில் வருகிறது. ஆலிம்கள் அமர்ந்திருக்கும் சபையில் விளக்கம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நாற்பது வருடம் ஆட்டுக் கொட்டகையில் திரிந்தவனுக்கு அந்த ஒரு சொல் தனியாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஆடோ மாடோ எழ முடியாமல் கிடந்தால் 1962 என்ற எண்ணுக்கு அடியுங்கள், கால்நடை ஆம்புலன்ஸுக்கான இலவச எண் அது. அடிக்குமுன் மூன்று விஷயம் தெரிந்து வைத்திருங்கள்: எத்தனை நாளாகத் தின்னவில்லை, புழுக்கை எப்படி இருக்கிறது, கடைசியாக என்ன ஊசி போட்டீர்கள்.

அரிசி மண்டிக்காரர்கள் கொடுத்த காலிச் சாக்குகள் மண்டபத்தின் பின்னறையில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அஸருக்குப் பிறகு கொடுப்பார்கள், ஒரு வீட்டுக்கு நாலு. குட்டி போடும் பருவத்தில் ஆடு வைத்திருப்பவர்கள் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள். சாக்கை உதறி, ஒரு வெயில் காய வைத்துவிட்டுக் கட்டுங்கள்.