முதல் ரெண்டு வரி, கடைசி ரெண்டு வரி
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



ஒரு அக்டோபர் 2 கிராமசபையில்தான் நான் முதல் தடவை மைக்கைப் பிடிச்சேன். எங்க தெருவுக்கு நாலு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வந்தது. அதைச் சொல்லத்தான் எழுந்தேன். ஆனா, "தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, வார்டு உறுப்பினர் அவர்களே" என்று வரிசையா எல்லாரையும் அழைச்சேன். "எனக்குப் பேச வராது, மன்னிக்கணும்"னு வேற சொன்னேன். தண்ணீர் விஷயத்துக்கு வர்றதுக்குள்ள பாதிப் பேர் எழுந்து போயிட்டாங்க. எப்படி முடிக்கிறதுன்னும் தெரியலை. "அவ்வளவுதான், நன்றி"ன்னு உட்கார்ந்துட்டேன்.

தீர்மானப் புத்தகத்தில் தண்ணீர் பற்றி ஒரு வரிகூட இல்லை. கோபம் வந்தது. யோசிச்சுப் பார்த்தா, தீர்மானமா எழுதுங்கன்னு நான் கேட்கவே இல்லை!

ஜனவரி 26 கிராமசபைக்கு முன்னாடி எங்க ஊக்குநர் அக்கா சொன்னாங்க: "நடுவுல உள்ளதை நீ தானாப் பேசிடுவ, அது நீ தினம் படுற பாடு. முதல் ரெண்டு வரியும் கடைசி ரெண்டு வரியும் மட்டும் எழுதி மனப்பாடம் பண்ணிக்கோ."

அப்படியே செஞ்சேன். "சபையில் இருக்கும் எல்லாருக்கும் வணக்கம். எங்க தெருவுல 42 வீடு, நாலு நாளா குழாயில சொட்டுத் தண்ணி இல்லை." இதுதான் ஆரம்பம். சபை அமைதியாயிடுச்சு. பெரியவங்களைத் தனித்தனியா அழைக்காட்டியும் மரியாதை குறையலை. 'எல்லாருக்கும்' என்றதில் அவங்களும் அடக்கம்தானே.

முடிக்கும்போது, "பழுதான மோட்டாரை மாத்தணும். இதைத் தீர்மானமா எழுதி, இங்கேயே வாசிச்சுக் காட்டணும்" என்றேன். எழுதினாங்க, வாசிச்சாங்க. மோட்டார் வர மூணு மாசம் ஆச்சு. ஆனா ஒவ்வொரு முறை கேட்கப் போனபோதும் அந்தத் தீர்மானம்தான் எங்களுக்குத் துணை.

எந்த இடத்துக்கும் இது பொருந்தும். வங்கியில் பேசினா, வாங்கிய கடனை எப்படிக் கட்டினோம் என்பதில் ஆரம்பிங்க. எவ்வளவு வேணும், எதுக்கு வேணும் என்பதில் முடிங்க. குழந்தைத் திருமணம் பற்றிப் பேசினா, "பதினெட்டு வயசு ஆகாத பொண்ணு நம்ம வீட்டுல இருக்கா?"ன்னு கேட்டு ஆரம்பிங்க, "1098 நம்பரை இப்பவே போன்ல பதிஞ்சுக்கோங்க"ன்னு முடிங்க. முடிக்கிற நேரத்தில் புது விஷயம் எடுக்காதீங்க. "கடைசியா ஒண்ணு"ன்னு மூணு தரம் சொல்லாதீங்க. கேட்டவங்க வீட்டுக்குப் போகும்போது கையோட கொண்டு போக ஒரே ஒரு காரியம் போதும்.

நானும் ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். அடுத்த கிராமசபையில் குழுவுக்கு ஒருத்தர் எழுந்து பேசணும். யார் பேசுறது, அந்த நாலு வரி என்னன்னு இந்த வாரக் கூட்டத்திலேயே நோட்டில் எழுதி வச்சுக்கோங்க.