பொன் பார்சலில் போனது, சுந்தரர் நடந்து போனார்

பட்டிமன்றத் தலைப்பு: பயணத்தின் இன்பம் விரைவிலா? நிதானத்திலா?
(‘நிதானத்திலே’ என்ற அணியில் பேசியது. இடம்: விருத்தாசலம்)

 

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு பெரிய வெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். என்ன சொன்னார்? “இந்த ஊருக்கு வந்து வேகம் வேண்டாம் என்று பேசலாமா? உலகத்திலேயே முதல் பார்சல் சர்வீஸ் நடந்த ஊரய்யா இது! சுந்தரர் முதுகுன்றத்துப் பெருமானிடம் பன்னிரண்டாயிரம் பொன் வாங்கினார். இங்கே மணிமுத்தாற்றிலே போட்டார், அங்கே திருவாரூர்க் குளத்திலே எடுத்தார். ஆக, சிவபெருமானே எங்கள் கட்சி” என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்லா இருந்தது, தட்டினேன். (சிரிப்பு)

ஆனால் நடுவர் அவர்களே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆற்றிலே போட்டது எதை? பொன்னை! சுந்தரர் தானும் இந்த ஆற்றிலே குதித்து அந்தக் குளத்திலே எழுந்தாரா? இல்லையே! இங்கிருந்து தில்லைக்குப் போனார், கூத்தப்பெருமானைக் கும்பிட்டார், வழியிலே இருந்த தலங்களைப் பாடினார், ஆற அமரத் திருவாரூர் போய்ச் சேர்ந்தார். சேக்கிழார் பெருமான் அப்படித்தானே சொல்கிறார்? பார்சல் வேகமாகப் போகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆம்புலன்ஸ் இன்னும் வேகமாகப் போகட்டும். ஊர் பார்க்கக் கிளம்புகிற மனுஷன் என்ன பார்சலா? (பலத்த கைதட்டல்)

நாம் இப்போது பார்சல் மாதிரிதான் போய்க்கொண்டிருக்கிறோம். ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் காட்டி, ராத்திரி கொண்டுவந்து இறக்கிவிடுகிறான் வேன்காரன். என் வீட்டு அம்மாவும் அதில் போய்விட்டு வந்தாள். “என்னம்மா பார்த்தாய்?” என்று கேட்டேன். “ஒன்பது கோயிலிலும் செருப்பு விடுகிற இடம் நல்லா ஞாபகம் இருக்குங்க” என்றாள். (சிரிப்பு)

நீங்கள் பீங்கான் ஊர்க்காரர்கள். இந்த விஷயத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. அகல் விளக்கும் பொம்மையும் சூளையிலே வேகிறது. வெந்தாச்சு. லாரி வாசலிலே நிற்கிறது, ஆர்டர்காரர் அவசரப்படுத்துகிறார் என்று சூட்டோடு சூளையைத் திறந்தால் என்ன ஆகும்? படார் என்று விரிசல் விடும். ஆறவிட வேண்டும். களிமண்ணுக்கே ஆறுவதற்கு நேரம் கொடுக்கிற ஊரில் நின்றுகொண்டு, மனுஷனுக்கு அந்த நேரம் வேண்டாம் என்கிறார்களே எதிரணியினர்!

அடுத்து ஒரு அம்மையார் பேசினார். “வெள்ளைக்காரனைப் பாருங்கள், பறக்கிறான், நாம்தான் மாட்டுவண்டியிலே இருக்கிறோம்” என்றார். சரி, வெள்ளைக்காரனையே பார்ப்போம். இங்கிலாந்துக்காரன் 1825-இல் பொதுமக்களுக்கு ரயில் விட்டவன். வேகம் என்றால் என்ன என்று உலகத்துக்குக் காட்டியவன். அதே ஊரிலே 1878-இல் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். என்ன சங்கம்? சைக்கிளிலே ஊர் சுற்றுகிறவர்கள் சங்கம்! வீட்டு வாசல் வரைக்கும் ரயில் வந்த பிறகு, ‘எனக்கு அது போதாது, மிதித்துக்கொண்டே போய்ப் பார்க்கணும்’ என்று கிளம்பியிருக்கிறான். வேலி கட்டின குறுகலான கிராமத்துச் சாலை, ஊருக்கு ஒரு பழைய மாதா கோயில், இடிந்த கோட்டை, கூரை வேய்ந்த வீடு. இதைப் பார்க்கத்தான் கிளம்பினான். சத்திரத்துக்காரரோடு அந்தச் சங்கம் பேசி, சைக்கிளில் வருகிறவனுக்கு நியாயமான வாடகை என்று ஏற்பாடு பண்ணியது. அப்படிப்பட்ட சத்திரத்தின் வாசலிலே ஒரு பலகை மாட்டியிருக்கும். என்ன சின்னம் தெரியுமா? இறகு முளைத்த சக்கரம்!

யார் போனார்கள்? பிரபுக்கள் மட்டுமா? எச்.ஜி.வெல்ஸ் என்ற எழுத்தாளர் 1896-இல் ஒரு நாவல் எழுதினார். அதிலே கதாநாயகன் ராஜகுமாரன் இல்லை. ஜவுளிக்கடைச் சிப்பந்தி! வருஷம் முழுக்கத் துணி கிழித்துக் கொடுத்துவிட்டு, பத்து நாள் லீவு கிடைத்ததும் ஒரு பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு தென் இங்கிலாந்தைச் சுற்றக் கிளம்புகிறான். வெல்ஸ் தாமே சின்ன வயதில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். கால் கடுக்க நிற்பது என்னவென்று அவருக்குத் தெரியும். நம்முடைய ஜவுளிக்கடைப் பிள்ளைகள் உட்கார ஒரு நாற்காலி கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டிலே சட்டத்தைத் திருத்தியது 2021-இல். நாற்காலிக்கே இத்தனை காலம் ஆகியிருக்கிறது. பத்து நாள் லீவுக்கு எப்போது, யார் சட்டம் போடப்போகிறார்கள்? (கைதட்டல்)

விமான டிக்கெட்டும் ஏசி காரும் இருக்கிறவனுக்குத்தான் சுற்றுலா என்று ஆக்கிவிட்டோம். சைக்கிள் வைத்திருக்கிறவனுக்கும் சோழநாட்டைப் பார்க்க உரிமை உண்டு. இதை இங்கிலாந்துக்குப் போய்த் தேட வேண்டியதில்லை, நடுவர் அவர்களே. இந்த மேடையிலிருந்தே கிளம்பலாம்.

தை மாதம், விடியற்காலை. செம்பியன் மாதேவியார் கற்றளியாக எடுத்த பழமலைநாதர் கோயில் வாசலிலே ஒரு கும்பிடு. டயருக்குக் காற்று பார்த்துவிட்டு மிதியுங்கள். இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் ஸ்ரீமுஷ்ணம். பசி வந்திருக்கும். பூவராகப் பெருமாளுக்குப் பிடித்தது கோரைக்கிழங்கு. அதிலே செய்த பிரசாதம் கிடைத்தால் வாங்கிச் சாப்பிடுங்கள். நாயக்கர் காலத்துத் தூண்களை அவசரமில்லாமல் பாருங்கள். மாசி மகத்துக்கு இந்தப் பெருமாள் கடலாடக் கிள்ளைக்குப் போவார். அங்கே தர்காவிலிருந்து முஸ்லிம் பெருமக்கள் வந்து அவருக்கு மரியாதை செய்வார்கள். இது எந்தப் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கிறது? கார் கண்ணாடிக்குள்ளே இருந்தால் இது காதிலே விழாது. டீக்கடையிலே சைக்கிளைச் சாத்திவிட்டு உட்கார்ந்தால், பெரியவர் ஒருவர் கேட்காமலே சொல்வார். சைக்கிள்காரனைப் பார்த்தால்தான் “எந்த ஊரு தம்பி?” என்று கேட்கத் தோன்றும்.

மறுபடி மிதித்தால் காட்டுமன்னார்கோயில். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்துத் தந்த நாதமுனிகள் பிறந்த ஊர். ராத்திரி அங்கே தங்குங்கள். பக்கத்திலே வீராணம். முதலாம் பராந்தக சோழனுக்கு வீரநாராயணன் என்று ஒரு பெயர். ஏரிக்கு அந்தப் பெயர். நீளம் சுமார் 16 கிலோமீட்டர். கல்கி தம் பொன்னியின் செல்வனைத் தொடங்கி வைத்ததே இந்தக் கரையிலேதான். வந்தியத்தேவன் குதிரையிலே வந்தான், நீங்கள் ஹெர்குலிஸ் சைக்கிளிலே வருகிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். (சிரிப்பு)

மறுநாள் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் கட்டிய கோயில். 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ சேர்த்துக்கொண்டது. விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுவார்கள். நீங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சுற்றி வாருங்கள். மதில் எங்கே என்று தேடுங்கள். 1836-இல் கொள்ளிடத்திலே கீழணை கட்டியபோது, வெள்ளைக்காரன் இந்தக் கோயில் மதிலின் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போய் அணையிலே வைத்தான். இப்போது ஒரு நிமிஷம் யோசியுங்கள். அந்தக் கீழணையில் தேங்கும் தண்ணீர்தான் வடவாறு வழியாக வீராணத்துக்கு வருகிறது. வீராணத்துத் தண்ணீர் 2004 முதல் சென்னைக்குப் போகிறது. எள்ளுப்பேரன் கோயில் மதிற்கல் மறித்துக் கொடுத்த தண்ணீர், எள்ளுத் தாத்தா வெட்டிய ஏரிக்கு வந்து, மெட்ராஸ்காரன் வீட்டுக் குழாயிலே விழுகிறது! அணை, ஏரி, கோயில் மூன்றையும் ஒரே மூச்சில் மிதித்துக் கடந்தவனுக்குத்தான் இந்தக் கணக்குப் புரியும். (பலத்த கைதட்டல்)

“லாரி பறக்கிற ரோட்டிலே உங்கள் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்புவீர்களா?” என்று அம்மையார் கேட்டார். நல்ல கேள்வி. இதைக் கிண்டல் பண்ண மாட்டேன். நானும் பிள்ளை பெற்றவன். ஆனால் அம்மா, அந்த ரோட்டிலே பிள்ளையைப் பயமுறுத்துவது யார்? சைக்கிளா? உங்கள் அணியின் வேகம் அல்லவா! ரோட்டை அகலப்படுத்துகிறோம், பாலம் போடுகிறோம். மிதிக்கிறவனுக்கு ஓரத்திலே நாலு அடி ஒதுக்கச் சொன்னால் மட்டும் இடமில்லை என்கிறோம். அந்த நாலு அடியைக் கேட்காமல், சைக்கிளை விட்டுவிடு என்பது எந்த ஊர் நியாயம்?

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்திலே அறிவொளி இயக்கத்தார் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல்குவாரியிலே வேலை செய்த பெண்கள் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காவிட்டால் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். கேலி பேசினார்கள் சிலர். அவர்கள் பாட்டுக்கு மிதித்துக்கொண்டு போனார்கள். பஸ்ஸுக்குக் காத்திராமல், யாரிடமும் கேட்காமல், தான் நினைத்த நேரத்துக்குத் தான் நினைத்த ஊருக்குப் போக முடிந்ததே, அதற்கு என்ன விலை? அரசாங்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்கிறது. இந்தக் கூட்டத்திலேயே எத்தனை வீட்டுத் திண்ணையிலே அது துருப்பிடித்துச் சாய்ந்திருக்கிறதோ! பிள்ளை கேட்டால் மொபெட் வாங்கித் தருகிறோம், அந்தச் சைக்கிளைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறோம்.

நடுவர் மணியைத் தட்டிவிட்டார். வேகத்தின் கட்சிக்காரர் போலிருக்கிறது. (சிரிப்பு) முடித்துவிடுகிறேன் ஐயா. தீர்ப்பை நீங்கள் எப்படிச் சொன்னாலும் ஏற்றுக்கொள்வேன். ஒரே ஒரு விண்ணப்பம். இன்று ராத்திரி நீங்கள் காரிலே ஊர் திரும்புகிறீர்கள். வழியிலே கங்கைகொண்ட சோழபுரம் என்று ஒரு பலகை வரும். கதவு சாத்தியிருப்பார்கள், பரவாயில்லை. டிரைவரை நிறுத்தச் சொல்லி, இறங்கி, மதில் இருந்த இடத்திலே ஐந்து நிமிஷம் நில்லுங்கள். தீர்ப்பை அங்கிருந்து எழுதி எனக்கு ஒரு கார்டு போட்டால் போதும்.