இரவல் நிலம்



2006-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'குலாக் ஆர்க்கெஸ்டர்', 'பெய்ரூட்' என்னும் குழுவின் முதல் இசைத்தொகுப்பு. குழு என்பது பெரும்பாலும் பெயரளவில்தான். நியூ மெக்சிகோ மாநிலத்தைச் சேர்ந்த ஸாக் காண்டன் என்ற இருபது வயது இளைஞர் பெரும்பகுதியைத் தாமே பாடி, வாசித்துப் பதிவு செய்தார். கிதாருக்குப் பதிலாக யூகலேலி. ட்ரம்பெட்டும் அக்கார்டியனும் சேர்கையில் பால்கன் நாடுகளின் மண ஊர்வலமும் பிண ஊர்வலமும் ஒருங்கே கண்முன் நகர்கின்றன. பாடல்களின் தலைப்புகளோ பிராண்டன்பர்க், பிராட்டிஸ்லாவா என விரிகின்றன.

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனப் பயின்ற நமக்கு ஓர் ஐயம் எழும்: தான் பிறந்து வளராத நிலத்தை நினைந்து ஒருவன் ஏங்கலாமா? ஏங்கலாம் என்றே சொல்வேன். சொற்கள் மங்கி அக்குரல் நீண்டு நடுங்கும் இடங்களில் இரவல் ஏதுமில்லை.

தலைப்பை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. குலாக் என்பது பல லட்சம் பேர் மாண்ட சோவியத் கட்டாய உழைப்பு முகாம்களின் பெயர். அச்சொல் இங்கே அணிகலனாகத் தொங்குவது உறுத்துகிறது. ஆயினும் 'இத்தாலியிலிருந்து அஞ்சலட்டைகள்' பாட்டில் ட்ரம்பெட் எழும்போது, எழுந்து செல்ல நினைத்தவன் மறுபடியும் அமர்ந்துவிடுகிறேன்.